மேட்டில் ஒரு மர வீடு

நசரத்பேட்டையில் பெங்களூர் ரோட்டோரம், லாரியின் பாரம் தாங்கும் வில்பட்டைகளைக் கட்டித் தரும் கமான் பட்டறை வைத்திருந்த ஷவுகத் அலியை லாரிக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் மனைவி ஷரீஃபுன்னிசாவை ஊருக்கே தெரியும். அவருக்குக் கைராசிக்காரர் என்று பேர். அவளுக்குப் பயந்தாங்கொள்ளி என்று பேர்.

இது அநியாயமான பேர். பட்டறையின் பின்பக்கமே வீடு. குடித்துவிட்டு வந்து வாசலில் சலம்பிய டிரைவர்களைத் தோசைக் கரண்டியோடு ரோடு வரைக்கும் விரட்டியவள் அவள். கொல்லையில் வந்த கட்டுவிரியனை அடித்துத் தூக்கிப் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு மிளகாய் அரைக்கப் போனவள். அவளுக்குப் பயம் ஒன்றே ஒன்றிடம்தான். தரையிடம்.

மகள் நசீம் பானு கைக்குழந்தையாக இருந்த காலத்தில் அவர்கள் ஆவடியில் குடியிருந்தார்கள். ராணுவ ஃபாக்டரியிலிருந்து டாங்கிகள் சோதனை ஓட்டத்துக்குக் கிளம்பினால் அந்தத் தெருவில் அடுக்கு, தட்டு எல்லாம் கிடுகிடுக்கும். மற்ற வீட்டுப் பெண்கள் தட்டை உள்ளே தள்ளி வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். ஷரீஃபுன்னிசா மட்டும் குழந்தையை வாரிக்கொண்டு தெருவுக்கு ஓடிவிடுவாள். ஓடினதோடு விட்டாலாவது பரவாயில்லை. டாங்கி போய், புழுதி அடங்கி, தெரு முழுக்கச் சிரித்து முடித்த பிறகும் உள்ளே வரமாட்டாள். முருங்கை மரத்தடியில் உட்கார்ந்திருப்பாள்.

"அதான் போயிடுச்சே, வாயேன்" என்பார் ஷவுகத் அலி.

"இன்னொண்ணு வரும்."

"இன்னொரு டாங்கியா?"

"டாங்கி இல்ல. இன்னொண்ணு."

வேலைக்குப் போய்விட்டு வந்தவருக்கு அடுப்பு மூட்டப்படாத வீடுதான் கிடைக்கும். அவரும் எத்தனை நாள்தான் பொறுப்பார்? வீட்டைக் காலி செய்து நசரத்பேட்டைக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். டாங்கிக்குப் பயந்து லாரிக்கு நடுவில் குடி போகிறாரே என்று ஆவடியில் மூக்கின் மேல் விரல் வைத்தார்கள். ஆனால் லாரிகள் அவளை ஒன்றும் செய்யவில்லை. லாரி ஹாரன் அடித்துக்கொண்டு ரோட்டில் வருகிறது. டாங்கியின் உறுமல் மட்டும்தான் பூமிக்குள்ளிருந்து வருவது போல் இருந்தது. ஆறு வயதில் அவள் கேட்ட சத்தம் அது.

அவள் பிறந்தது போர்ட்பிளேரில். அவளுடைய அத்தா அங்கே மர மில்லில் வேலையாக இருந்தார். 1941-ஆம் வருஷம் அவர்களுக்குக் கல் வீடு ஒன்று குடியிருக்கக் கிடைத்தது. அதுவரை பலகை வீட்டில் இருந்த அம்மா ஜமீலாவுக்குத் தலைகால் புரியவில்லை. வந்தவர் போனவரையெல்லாம் கூப்பிட்டுச் சுவரைத் தட்டிக் காட்டினாள். ஜூன் மாதக் கடைசியில் ஒரு மாலை நிலம் ஆடியது. எல்லோரும் வெளியே ஓடி வந்தார்கள். ஊரில் பெரிய பெரிய கட்டடங்கள் சரிந்தன என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. அவர்கள் வரிசையில் யாருக்கும் ஒரு கீறல் இல்லை. சுவர்களில் விரிசல் விட்டிருந்தது, அவ்வளவுதான். பிழைத்த சந்தோஷத்தில் சிலர் சிரிக்கக்கூடச் செய்தார்கள். அப்போது மழை பிடித்துக்கொண்டது. பிள்ளையின் தலை நனைகிறதே என்று ஒரு போர்வை எடுக்க ஜமீலா உள்ளே போனாள்.

இரண்டாவது ஆட்டம் முதலாவதைவிடச் சின்னதுதான். ஏற்கனவே விரிசல் விட்டிருந்த சுவருக்கு அது போதுமானதாக இருந்தது.

அதன் பிறகு மாதக்கணக்கில் நிலம் விட்டு விட்டு ஆடிக்கொண்டிருந்தது. படகுத்துறையின் படிகள் தண்ணீருக்குள் போயிருந்தன. நிலமே இறங்கிவிட்டது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். ஜப்பான்காரன் வருவதற்குள் அத்தா அவளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்து பூந்தமல்லியில் தன் தம்பி வீட்டில் விட்டார். அந்த ஊரைப் பற்றி அவர் பிறகு வாயே திறக்கவில்லை. சீக்கிரமே அவரும் போய்ச் சேர்ந்தார். அந்த மண்ணை இனி மிதிப்பதில்லை என்று ஷரீஃபுன்னிசா யாரிடமும் சபதம் போடவில்லை. தனக்குள் முடிவு செய்துகொண்டாள், நாற்பத்தைந்து வருஷம் அதைக் காப்பாற்றியும் வந்தாள்.

1986-இல் அந்த மண்ணிலிருந்தே மாப்பிள்ளை வந்தால் என்ன செய்வாள்?

கொண்டுவந்தது அவள் சித்தப்பா மகன் நிஜாமுதீன். கைலி மூட்டையோடு கப்பலேறி அந்தமானில் வியாபாரம் செய்கிறவன். வாய் ஓயாத ஆள். மாப்பிள்ளை பேர் ஜைனுலாப்தீன். துறைமுக வொர்க்‌ஷாப்பில் நிரந்தர வேலை. தாய் தகப்பன் இல்லை, தாய்மாமன்தான் எல்லாம். கைக்கூலி, வரதட்சணை என்று ஒரு பைசா வேண்டாம் என்கிறான். போன வருஷம் ஏதோ பயிற்சிக்கு மெட்ராஸ் வந்தபோது நிஜாமுதீனோடு இந்த வீட்டுக்கே வந்து பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறான். சோறு பரிமாறியது நசீம். பூந்தமல்லியில் தையல் வகுப்பு நடத்துகிற நசீம், எப்பேர்ப்பட்ட பையனையும் நொட்டை சொல்கிற நசீம், இந்தப் பேச்சு வந்தபோது மட்டும் ஒன்றும் சொல்லாமல் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். தாய்க்குப் புரியாதா?

"எல்லாத்தையும் உடு அக்கா" என்றான் நிஜாமுதீன். "ஊட்டைப் பாக்கணுமே! சொந்தமா கட்டிகீறான். கல்லு ஊடு. ஜன்னலைத் தொறந்தா எதிர்க்க கடலு!"

கல், கடல். இரண்டு வார்த்தையில் காரியத்தைக் கெடுத்தான்.

"வேணாம்" என்றாள் ஷரீஃபுன்னிசா.

ஏன் என்று கேட்டாலும் வேண்டாம், அவ்வளவுதான். நசீமுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

"லட்சம் பேரு அங்க கீறாங்கம்மா. அவுங்க எல்லாம் மனுசங்க இல்லியா?"

"அவுங்க எல்லாம் என் வயித்துல பொறந்தவங்களா?"

"ரோட்டுல லாரி மோதி எத்தினி பேரு சாவுறாங்க. நாம ரோட்டு மேலதானே குடி கீறோம்?"

மகள் சொன்னது நியாயம்தான். நியாயம் என்பதற்காகப் பயம் போய்விடுமா? தாயும் மகளும் ஒரே அடுப்படியில் முகம் பார்க்காமல் புழங்கினார்கள்.

இந்த இடத்தில்தான் ஷவுகத் அலி தன் தொழிலோடு உள்ளே புகுந்தார். முப்பது வருஷமாகக் கமான் பட்டையோடு மல்லுக்கட்டுகிறவருக்கு உலகத்தில் எதைப் பார்த்தாலும் கமான்தான். மருமகள் மாமியார் சண்டையைக்கூட அவர் கமானை வைத்துத்தான் தீர்த்து வைப்பார். ஒரு நாள் சாப்பாடு முடிந்ததும், வளைந்த பட்டை ஒன்றைப் பட்டறையிலிருந்து எடுத்து வந்து பாயில் வைத்தார்.

"இங்க பாரு ஷரீஃபா. பாரம் ஏற ஏற இது அமுங்குது. அமுங்கி அமுங்கி ஒரு நாளு பட்டுனு உடையுது. உடையற வரிக்கும்தான் பயம். உடைஞ்சதைக் கழட்டிப் போட்டுட்டு, புதுசைச் சூடு காட்டி வளைச்சுக் கட்டி அனுப்பிட்டேன்னு வெச்சிக்க, அந்த வண்டி அஞ்சு வருசத்துக்கு என் பட்டறைப் பக்கம் தலை வெச்சுப் படுக்காது. பாத்துகீறே இல்ல?"

"பாத்துகீறேன்."

"உங்க ஊரு நெலம் நாப்பத்தொண்ணுல உடைஞ்சுடுச்சு. கத முடிஞ்சுது. இனி அங்க நூறு வருசத்துக்கு ஒண்ணும் ஆவாது. உடையாத ஊருக்குப் பொண்ணு குடுத்தாதான் நாம பயப்படணும்."

அவர் பட்டறையில் எல்லோரும் இப்படித்தான் பேசுவார்கள். உடைந்து கட்டின வண்டிதான் பத்திரமான வண்டி என்பது அவர்களுக்கு வேதம். பழைய கமான் போட்ட வண்டியைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள், நேற்று உடைந்து இன்று கட்டின வண்டியில் குடும்பத்தோடு ஏறி உட்காருவார்கள். அந்தக் கணக்கை அவர் அப்படியே தூக்கி நிலத்தின் மேல் வைத்துவிட்டார்.

ஷரீஃபுன்னிசா சிரிக்கவில்லை. அந்தப் பட்டையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நிஜமாகவா என்று கேட்டாள். மறுநாளும் கேட்டாள். அதற்கு அடுத்த நாள், அவர் குளித்துக்கொண்டிருந்தபோது கதவுக்கு வெளியே நின்று கேட்டாள். உண்மையைச் சொன்னால், நம்புவதற்கு அவளுக்கு ஒரு காரணம் தேவையாக இருந்தது. மகள் முகம் வாடிப்போய்த் திரிவதை எத்தனை நாள் பார்ப்பாள்? ஒரு வெள்ளிக்கிழமை நிஜாமுதீனைக் கூப்பிட்டு, வரச் சொல்லு என்றாள். ரம்ஜான் கழிந்ததும் நிக்காஹ் என்று பேசி முடித்தார்கள். அந்த மாதம் முழுக்க அவள் பாடிக்கொண்டே வேலை செய்ததை அக்கம்பக்கத்தார் ஆச்சரியமாகப் பேசிக்கொண்டார்கள்.

அப்புறம் ஒரு ஜீப் வந்தது.

பெங்களூர் போகிற வழியில் பின்பக்கக் கமான் உடைந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே பட்டறைக்குள் நுழைந்தது. மண், பாறை, பூகம்பம் இவற்றை ஆராய்கிற சர்க்கார் இலாகா ஜீப். உள்ளே கலியமூர்த்தி என்ற அதிகாரி. நல்ல மனிதர். ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, வேலை நடப்பதை ரசித்துப் பார்த்தார். அவர் இலாகாவைக் கேட்டதும் ஷவுகத் அலிக்கு உற்சாகம் தாங்கவில்லை. பெரிய இடத்தில் தன் கணக்கை ஒப்பித்துச் சபாஷ் வாங்கிவிட வேண்டும். சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு, கமான் கதையை ஆதியோடந்தமாகச் சொன்னார்.

கலியமூர்த்தி சிரித்தார். ஏளனச் சிரிப்பு இல்லை.

"முக்கால்வாசி சரியா சொல்லிட்டீங்க பாய். எங்க காலேஜ்லயே இவ்வளவு தெளிவா சொல்ல மாட்டாங்க. ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும். அங்க புதுப் பட்டை போட்டது யாரு?"

ஷவுகத் அலி, ஜீப்பிலிருந்து கழற்றிப் போட்ட பட்டையைத் திரும்பிப் பார்த்தார்.

"உடைஞ்ச கமானை நீங்க கழட்டி மாத்துறீங்க. அங்க மாத்த ஆளு கிடையாது. அந்தமானுக்கு மேற்கால கடலடித் தரை கிழக்கே நகர்ந்து நகர்ந்து, தீவுகளுக்கு அடியில நுழைஞ்சுகிட்டே இருக்கு. வருஷத்துக்கு ஒரு விரக்கடை, ரெண்டு விரக்கடைன்னு வெச்சுக்குங்க. போறப்போ மேல இருக்கிற தரையோட விளிம்பையும் கவ்வி இழுத்துக்கிட்டுப் போகுது. விளிம்பு வளையுது. தாங்க முடியாத அன்னிக்குக் கவ்வினது விட்டுப்போயி, வளைஞ்சது நிமிருது. அதுதான் பூகம்பம். விட்டுப்போன மறுநாளே திரும்பக் கவ்வ ஆரம்பிச்சுடும். லாரியிலேர்ந்து பாரத்தை யாரும் இறக்கலையே?"

"அப்போ நாப்பத்தொண்ணுல உடைஞ்சது...?"

"அது ஒரு துண்டு. அந்த விளிம்பு சுமத்ராவுல ஆரம்பிச்சு பர்மா வரைக்கும் நீளுது. ஒரு துண்டு விட்டுதுன்னா அது தாங்கின பாரம் ரெண்டு பக்கத்துத் துண்டு மேலயும் ஏறும். அதனாலதான் பெருசு ஒண்ணு வந்தா பின்னாலயே சின்னச் சின்னதா வந்துகிட்டே இருக்கு. ஆயிரத்து எண்ணூத்து எம்பத்தொண்ணுல கார் நிகோபார் பக்கம் ஒண்ணு வந்தது. நம்ம மெட்ராஸ்லகூடக் கடல் தண்ணி ஏறி இறங்கினதாப் பதிவு இருக்கு. மத்த துண்டுங்க எப்போ விடும், ஒண்ணொண்ணா விடுமா, சேர்ந்தே விடுமா, யாருக்கும் தெரியாது. மெதுவா வழுக்கிக்கிட்டே போயிடும், பெருசா ஒண்ணும் வராதுன்னு சொல்றவங்களும் எங்கள்ல இருக்காங்க."

"நீங்க இன்னா சொல்றீங்க சார்?"

"எனக்குத் தெரியலைன்னுதான் சொல்லுவேன். நாளைக்கே வரலாம். உங்க பேரன் காலத்துலயும் வராம இருக்கலாம். பொண்ணு குடுக்கப் போறீங்களா?"

ஷவுகத் அலி தலையாட்டினார்.

"தாராளமா குடுங்க. ஊருன்னா மனுஷங்க இருக்கத்தான் செய்வாங்க. வீடு மட்டும் கனமில்லாம மரத்துல இருந்தா நல்லது. கரையை விட்டு மேட்டுல இருந்தா இன்னும் நல்லது. எனக்குத் தெரிஞ்சு சொல்லக்கூடியது அவ்வளவுதான் பாய்."

ஜீப் நிமிர்ந்து நின்று பெங்களூர் பக்கம் போயிற்று. ஷவுகத் அலிதான் சாய்ந்து போனார். ராத்திரி சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தார். பொய் சொல்லிவிடலாமா என்று யோசித்தார். இத்தனை நாள் கழித்து வீட்டில் பாட்டுக் கேட்கிறது, அதைக் கெடுப்பானேன்? ஆனால் தட்டைத் தள்ளி வைத்ததுமே அவள் எதிரில் வந்து உட்கார்ந்துவிட்டாள். முப்பது வருஷம் குடும்பம் நடத்தினவளிடம் மறைக்க முடியுமா? ஒன்று விடாமல் சொன்னார். சொல்லி முடித்து, "நான்தான் மடையன்" என்றார்.

நான் அப்போதே சொன்னேனே என்று அவள் குத்திக் காட்டியிருக்கலாம். அதற்கு முழு உரிமையும் இருந்தது. அவளோ முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"நீங்க சொன்னது நெசமா இருக்கணும்னு நான் எவ்ளோ துவா கேட்டேன் தெரியுமா?" என்றாள்.

அவருக்கு அது தாங்கவில்லை. கல்யாணத்தை நிறுத்திவிடலாம் என்று அவரே சொன்னார். அவள் தலையை அசைத்தாள். நிறுத்தினால் மகள் செத்துப்போக மாட்டாள், ஆனால் தாயை மன்னிக்கவும் மாட்டாள். இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் காலை, உலை ஊதிக்கொண்டிருந்த புருஷனிடம் வந்து நின்றாள்.

"மஹர் இன்னா பேசிகீறீங்க?"

மஹர் என்பது மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்க வேண்டியது. கொடுப்பதாக ஒப்புக்கொள்ளாமல் நிக்காஹ் இல்லை. எல்லா வீட்டிலும் போல இங்கேயும் நகைதான் பேசியிருந்தார்கள்.

"நகை வேணாம். மேட்டுல ஒரு மர ஊடு கட்டித் தரணும். அதான் மஹர்" என்றாள்.

நிஜாமுதீன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "அக்கா, ஒலகத்துல பொண்ணைப் பெத்தவங்க மச்சு ஊடு கேப்பாங்க. நீ பலகை ஊடு கேக்குறியே! அங்க பலகை ஊட்டுல கீறவன் எல்லாம் கல்லு ஊடு கட்டணும்னு நாயா அலையறான். எட்டு வருசம் ராப்பகலா பாடுபட்டுக் கட்டினவன்கிட்ட போயி நான் இன்னான்னு சொல்றது? மச்சான், நீயாவது சொல்லேன்."

"அவ கேட்டது கேட்டதுதான்" என்றார் மச்சான்.

விஷயம் பரவியது. பெண்ணுக்குக் குடிசை கேட்ட தாய் என்று பூந்தமல்லி வரைக்கும் பேர் போயிற்று. நசீம் தையல் வகுப்பில் தலை நிமிர முடியவில்லை. "உன் பயத்தை எனக்கு மஹரா கட்டி அனுப்பறியா?" என்று ஒரு முறை கேட்டாள். அதோடு பேச்சு நின்றது. ஷரீஃபுன்னிசாவுக்கு அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. ஆனாலும் கேட்டதை அவள் திரும்ப வாங்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் கப்பலில் வந்து பூந்தமல்லியில் தங்கியிருந்தார்கள். தாய்மாமன் கொதித்துக்கொண்டிருந்தார். எங்கள் பையன் வீடு இவர்களுக்கு மாட்டுக் கொட்டகையா என்றார். இது என்ன வம்பு, கப்பல் டிக்கெட் எடுத்து வந்தாயிற்றே என்றார் இன்னொருவர். நிக்காஹுக்கு முதல் நாள் மாலை ஜைனுலாப்தீன் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி நசரத்பேட்டைக்கு வந்துவிட்டான். ஒல்லியான, நிதானமான பையன். பட்டறையில் கிடந்த பழைய டயரின் மேல் உட்கார்ந்தான். ஷரீஃபுன்னிசா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வாசல்படியில் நின்றாள்.

"மாமி, நான் கட்டின வீட்டை நீங்க பார்க்கவே இல்லையே" என்றான்.

"பாக்க வேணாம் தம்பி. நல்லாத்தான் கட்டியிருப்பே."

"ஒவ்வொரு கல்லும் நான் தூக்கினது. நிலம் ஆடுறது எங்களுக்குப் புதுசு இல்லை மாமி. வருஷத்துக்கு ரெண்டு மூணு வாட்டி ஆடும். நாங்க எழுந்துகூட உக்கார மாட்டோம்."

"அதான் எனக்குப் பயம்" என்றாள் அவள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் அதுவரை வெளியார் யாரிடமும் சொல்லாததை அவனிடம் சொன்னாள். கல் வீடு கிடைத்த பெருமை, மழை, போர்வை, இரண்டாவது ஆட்டம். நாலைந்து வாக்கியம்தான். அவளுக்கு நீட்டிச் சொல்லத் தெரியாது. சொல்லும்போது குரல் உடையவும் இல்லை. கேட்டுக்கொண்டிருந்த ஷவுகத் அலிதான் எழுந்து போய், அணைந்த உலையைக் கிளறிக்கொண்டிருந்தார்.

ஜைனுலாப்தீன் டயரிலிருந்து எழுந்து நின்றான்.

"அடுத்தது எப்போ வரும்னு நினைக்கறீங்க?"

"தெரியாது. ஆபீசருக்கே தெரியலியாம். தெரிஞ்சா அந்த நாளு மட்டும் பொண்ணை இங்க அனுப்பிடுன்னு கேட்டிருப்பேனே. உன்கிட்ட எதுக்கு ஊடு கேக்குறேன்?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் லேசாகச் சிரித்தாள்.

"பின்னால சரிவுல எங்க அத்தா விட்டுட்டுப் போன நிலம் கொஞ்சம் இருக்கு மாமி. தென்னை வெக்கலாம்னு இருந்தேன். மேடுதான். அங்க கட்டறேன். பகல்ல கல்லு வீடு, ராத்திரி படுக்க மர வீடு. ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். இங்க இருபது வருசமா என்னைப் பாத்துச் சிரிச்சுகினுதான் கீறாங்க. ஒண்ணும் ஆவலை" என்றாள் ஷரீஃபுன்னிசா.

மறுநாள் வீட்டு வாசலில் பந்தல் போட்டு நிக்காஹ் நடந்தது. பள்ளிவாசல் ஹஜ்ரத் மஹரை வாய்விட்டுச் சொன்னபோது பந்தலில் ஒரு சிரிப்பலை எழுந்து அடங்கியது. தாய்மாமன் முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார். வழக்கப்படி பெண்ணின் சம்மதத்தைக் கேட்க இரண்டு சாட்சிகளோடு ஷவுகத் அலி உள்ளே வந்தார். பெண்கள் கூட்டத்துக்கு நடுவில், தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள் நசீம். பக்கத்தில் தாய். இருவரும் பேசி ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அவர் மாப்பிள்ளை பேரைச் சொன்னார். மஹரைச் சொன்னார். "சம்மதமா?" என்று கேட்டார்.

சாதாரணமாக அந்த இடத்தில் பெண் தலையை அசைத்தால் போதும். நசீம் தலையை அசைக்கவில்லை. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கெடுத்துவிட்டோம், கடைசியில் நாமே கெடுத்துவிட்டோம் என்று நினைத்தாள் ஷரீஃபுன்னிசா.

"அத்தா, எனக்கு அம்மாகிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றாள் நசீம். தாயின் பக்கம் திரும்பினாள். "நீ அங்க வருவியா?"

ஷரீஃபுன்னிசா மகளின் முக்காட்டைச் சரி செய்தாள்.

"ஊட்டை மட்டும் கேட்டு வாங்கிக் குடுத்துட்டு நீ இங்கயே உக்காந்துக்குவ. எனக்கு அந்த ஊருல யாரும்மா கீறாங்க? ஒரே ஒருத்தங்கதான். உங்கம்மா. அவுங்களை எங்க அடக்கம் பண்ணிகீறாங்க, அதைக்கூட எனக்கு நீ சொன்னதில்ல. வந்து காட்டும்மா. நான் போயி அவுங்களுக்கு ஃபாத்திஹா ஓதணும்."

வெளியே ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஷரீஃபுன்னிசா மகளின் மருதாணிக் கையைப் பிடித்துக்கொண்டாள். நாற்பத்தைந்து வருஷமாக அத்தாவிடமும் கேட்காமல், யாரிடமும் கேட்காமல் இருந்த ஒன்று அது. கேட்டால் பதில் கிடைத்துவிடுமோ என்ற பயத்திலேயே கேட்காமல் இருந்தது.

"எனக்கும் தெரியாதும்மா" என்றாள். "நான் பாக்கவே இல்ல. என்னைத் தூக்கிகினு போயிட்டாங்க."

நசீம் அம்மாவின் முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். அவள் கண்ணிலும் தண்ணீர் திரண்டது.

"அப்போ ரெண்டு பேருமா தேடலாம்" என்று சொல்லிவிட்டு, அத்தாவைப் பார்த்துத் தலையை அசைத்தாள்.

ஷவுகத் அலி சாட்சிகளோடு நின்றுகொண்டிருந்தார். ஹஜ்ரத் காத்திருக்கிறார் என்று வெளியிலிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள். ஷரீஃபுன்னிசா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு புருஷனை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் வரேன்னு போயி சொல்லுங்க" என்றாள்.